பத்தொன்பது ஊசி, பதினொரு கோடு

1

"பதினொண்ணா? இன்னா நைனா, கண்ணை ஹார்பர் கேட்லயே கழட்டி வச்சுட்டு வந்துட்டியா?"

"சவுண்டு உடாத இஷ்ரத்து. ஷீட்ல இன்னா கீதோ அதான் கணக்கு."

"உன் ஷீட்டுல பஜ்ஜி மடிச்சுத் துன்னு. தோ, என் துப்பட்டாவப் பாரு. பத்தொம்போது குண்டூசி. எங்க நவ்ரீன் கோலுக்கு ஒரு பந்து வந்தா ஒரு ஊசி. வேற வேலை இல்லாம குத்திக்கினு நின்னேனா?"

"ஊசியெல்லாம் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க."

"கோடு மட்டும் இன்னா, வானத்துலேர்ந்து உழுந்துச்சா?"

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். சண்டை இன்னும் இருபது நிமிடம் நடந்தது, முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் நீங்கள் இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறீர்கள், யார் எவர் என்று தெரியாமல் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கதைக்கு இது நான்காவது தொடக்கம். முந்தைய மூன்றில் ஒன்று இப்படிப் போனது: "கடற்காற்று மெல்ல வீசிய ஒரு மாலைப்பொழுதில்—"

(காலடிப்பேட்டையில் கடற்காற்று மெல்ல வீசாது. மணலிப் பக்கத்து ஆலை வாடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு, லாரிப் புழுதியையும் இழுத்துக்கொண்டு வரும். அடித்துவிட்டேன்.)

எழுத வந்த காரணத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெரு மளிகைக் கடை ஆவுடையம்மாள் இதைக் காதல் கதையாக்கி விட்டார். "சண்டையா அது? ரெண்டு பேரு கண்ணும் சிரிச்சுக்கிட்டுல்லா இருந்துச்சு" என்று துவரம்பருப்பு நிறுக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவரிடம் சொல்லிவிடுகிறார். பிறர் வீட்டு விஷயத்தில் தப்பான தகவல் பரவினால் எனக்குச் சோறு இறங்காது. பரவுவதுதான் பரவுகிறது, சரியாகப் பரவட்டுமே.

2

ஆகவே, நடந்தது என்ன?

பெண்கள் பள்ளிகளின் ஹாக்கி இறுதி ஆட்டம், ஒரு சனிக்கிழமை. ஒரு பக்கம் எங்கள் வட்டாரத்துப் பள்ளி, எதிரே கொருக்குப்பேட்டைப் பள்ளி. எங்கள் கோல்கீப்பர் நவ்ரீன். இஷ்ரத் அவளுடைய சின்னம்மா. சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடை வைத்திருப்பவள், உடம்பில் எங்காவது நாலு ஊசி இல்லாமல் வெளியே வரமாட்டாள். எதிர் அணிக் கீப்பர் ராமசெல்வி.

வடசென்னையிலிருந்து மாநில முகாமுக்கு ஒரே ஒரு கீப்பர். முகாமுக்குப் போனவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் ஏறக்குறைய கையில் இருக்கிற மாதிரி. போகாதவளுக்கு, அது நவ்ரீனாக இருந்தால் சின்னம்மாவின் தையல் மிஷின், ராமசெல்வியாக இருந்தால் அவள் அம்மா வேலை செய்யும் மசாலா கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் மேசை. இரண்டு பெண்களுக்கும் இது தெரியும். இரண்டு பேரும் சமமாகக் கோல் விட்டால், யார் கோலுக்கு அதிக ஷாட் வந்ததோ, அதாவது யார் அதிகம் தடுத்தாளோ, அவளுக்கே இடம் என்று தேர்வாளர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படியே ஆளுக்கு ஒன்று விட்டார்கள். ஷீட்டில் நவ்ரீனுக்குப் பதினொன்று, ராமசெல்விக்குப் பதின்மூன்று.

இனி அந்த மைதானத்தைக் காட்ட வேண்டும். நாலரை மணிக்கு மேல் கடல் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. பனிமூட்டம் என்று எழுதினால் ஊட்டியாகிவிடும். பாதி உப்பு, பாதி தூசி. அதற்குள் பெண்கள் ஓடவில்லை, மிதந்தார்கள். பந்து கொஞ்சம் தெரியும், அப்புறம் இருக்காது, அப்புறம் வேறெங்கோ இருக்கும். மட்டை பட்ட ஓசை, யாரோ யோசித்து அனுப்பிய மாதிரி, தாமதமாக வந்தது. விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றபடியே உறங்கின. நவ்ரீனின் கால்பேடில் பந்து பட்டால் ஒரு 'தொப்'. தட்டிவிட்ட பந்து இன்னொருத்தி மட்டைக்குப் போய், திரும்பி வந்து, இன்னொரு 'தொப்'. விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கண் செருகும். அப்போது ஒரு மணி நேரம் போனதா, ஒரு வருடம் போனதா என்று கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பின்னால் இஷ்ரத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிற டென்னிஸ் மட்டும் கண் செருகாமல் மேசையில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

3

டென்னிஸை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் சந்தேகம். முதல் வரைவில் அவனை லஞ்சம் வாங்கியவனாக எழுதினேன், கதை விறுவிறுவென்று போனது. ஆனால் அவன் டீக்கடையில் பக்கத்து ஆளின் பிஸ்கட்டைத் தவறிக் கடித்துவிட்டு அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டவன். எடுபடவில்லை.

உண்மையில் அவன் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டைகளை வலையில் கட்டிக் கிரேன் தூக்கும். ஒரு தூக்குக்கு ஒரு கோடு. நாலு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். பன்னிரண்டு வருடமாக அதுதான் அவன் உத்தியோகம். போன வருடம் இதே போட்டியில் ஷாட் எண்ணிய பெண் நடுவில் செல்ஃபி எடுத்துக்கொண்டதால் பெரிய ரகளை ஆனது. அதனால்தான் பி.டி. டீச்சர் ஜெயக்கொடி, "எண்றதே பொழப்பா இருக்கிற ஆளு வேணும்" என்று அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அங்கேதான் சிக்கல். துறைமுகத்தில் ஒரு விதி உண்டு. தூக்கு பாதியில் நழுவிக் கீழே போய், மறுபடி ஏறி வந்தால், மறுபடி கோடு போடக் கூடாது. சரக்கு அதே சரக்கு. போட்டால் இல்லாத மூட்டை கணக்கில் ஏறிவிடும். இந்த விதி டென்னிஸின் மூளையில் இல்லை, விரலில் இருந்தது. நவ்ரீன் தட்டிவிட்டு, அதே பந்து உடனே திரும்பி வந்தபோதெல்லாம் அவன் பேனா தானாகவே காகிதத்தை விட்டு அரை அங்குலம் மேலே நின்றது. அவனுக்கே தெரியாது.

4

(இந்த இடத்தில் ஆவுடையம்மாளுக்காக ஒரு காதல் காட்சி எழுதிப் பார்த்தேன். "அவள் துப்பட்டாவிலிருந்த ஊசிகள் வெயிலில் மின்னின. டென்னிஸ் எண்ணத் தொடங்கி, ஏழாவதில்—" வேண்டாம். அவன் எண்ணவே இல்லை. எண்ணியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.)

5

திங்கட்கிழமை மதியம் டென்னிஸ் சாப்பிட்டுவிட்டு, அடுக்கி வைத்த கன்டெய்னர்களின் நிழலில் சாய்ந்தான். கனவு வந்தது. கனவை எழுதுவது சோம்பேறி வேலை என்பார்கள். ஆனால் இதை டென்னிஸே டீக்கடையில் வைத்து எனக்குச் சொன்னான். நான் சேர்த்தது தண்ணீரின் நிறம் மட்டும்.

பால் கலந்த மாதிரி ஒரு கடல். கப்பலும் கரையும் எது எது என்று தெரியவில்லை. கிரேன் சத்தமே இல்லாமல் வலை வலையாகப் பந்துகளை இறக்கியது. கால்பேடு, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு நவ்ரீன் தளத்தில் நின்றாள். ஒரு பந்து வந்தது. விழுந்து தடுத்தாள். அது எழும்பி, வலைக்குப் போய், அவசரமே இல்லாமல் திரும்பி வந்தது.

"எண்ணுங்கண்ணா."

"இது அப்பவே எண்ணுனது."

"பந்து அப்பவே எண்ணுனது. நான் இப்பதான விழுந்தேன்."

எழுந்து உட்கார்ந்தான். எதிரே நிஜக் கிரேனில் ஒரு தூக்கு நழுவி, பாதியில் நின்று, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. டென்னிஸ் தன் விரலைப் பார்த்தான். கோடு போட அது அசையவில்லை.

6

அன்று சாயங்காலம் இஷ்ரத்தின் கடை.*

"இஷ்ரத்து, தப்பு என் மேலதான்."

"அது எனக்கு சனிக்கெழமையே தெரியும். புதுசா இன்னா கண்டுபுடிச்ச?"

தூக்கு விதியைச் சொன்னான். முழுவதும் கேட்டுவிட்டு, பல்லால் நூலை அறுத்தாள்.

"அப்போ ஆட்டம் முழுக்க ஒரே பந்துதான. ஒண்ணுன்னு எழுதிட்டு வூட்டுக்குப் போயிருக்கலாமே."

"கலாய்க்காத. ஷீட்டு செலக்டருங்களுக்கு நாளைக்கு மத்தியானம்தான் போவுது. பத்தொம்போதுன்னு திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

இஷ்ரத் கண் கலங்கி— (அவளுக்கு அப்படியெல்லாம் கலங்காது.) எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த துப்பட்டாவை எடுத்து வந்தாள். ஊசிகள் இன்னும் அதிலேயே இருந்தன. வரிசையைத் தடவிக்கொண்டே போய், இரண்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"பதினேழுன்னு போடு."

"ஏன்?"

"இது ரெண்டும் வெளிய போன பந்து. பொண்ணு உழுந்துச்சா, கை தானா குத்திடுச்சு."

டென்னிஸ் பதினேழு என்று எழுதினான். அடுத்த கட்டத்துக்குப் போன பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"ராமசெல்விக்கும் நான் இப்படித்தான எண்ணியிருப்பேன்."

"அவளுக்கு யாரு ஊசி குத்துனது?"

"யாரும் இல்ல. அவங்கம்மா கொருக்குப்பேட்டை கேட்ல மாட்டிக்கினாங்க. கூட்ஸ் வண்டி போய்க்கினே இருந்துச்சாம். வந்து சேர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருச்சு."

"இன்னா பேஜாரு நைனா இது." மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். "பேசாம பதினேழு, பதிமூணுன்னு உட்டுடேன். யாருக்குத் தெரியும்?"

இந்த வரியை அவள் சொல்லவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். சொன்னாள். டென்னிஸும் பேனாவுக்கு மூடி போட்டான். அப்போது முகாம், கல்லூரி, அக்கா மகள் எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குள் நின்றுகொண்டிருந்தன. பிறகு இஷ்ரத்தே, பிடுங்கி வைத்த இரண்டு ஊசிகளையும் பார்த்துக்கொண்டு, வேண்டா வெறுப்பாகச் சொன்னாள்:

"அந்தக் கோலுக்குப் பின்னாடி மஞ்சக் குடை ஒண்ணு இருந்துச்சே."

"மேல் வூட்டம்மா. ஆவுடையம்மா கூட வாய் ஓயாம பேசிக்கினு இருந்தாங்க. பாத்தாங்களோ இல்லியோ."

* கடை என் வீட்டுக்குக் கீழே. மாடிப்படியில் உட்கார்ந்தால் எல்லாம் கேட்கும். நான் உட்கார்ந்தது காற்றுக்காக.

7

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ராமசெல்வியின் கோலுக்குப் பின்னால் ஆட்டம் முழுவதும் மஞ்சள் குடையோடு உட்கார்ந்திருந்தவள் நான்தான். (பாதியில் அணிகள் பக்கம் மாறியபோது குடையும் ஆளில்லாத பக்கமாக மாறிக்கொண்டது.)

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் மேலே வந்தார்கள். டென்னிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, ஷீட்டை என் முன் வைத்தான்.

"ஆவுடையம்மாவக் கேட்டா கதைதான் வரும். அவங்கள உட்டா நீங்க ஒருத்தர்தான் அந்தப் பக்கம் இருந்தீங்க. திரும்பி வந்த பந்தையும் சேத்து, ராமசெல்விக்கு எத்தினி?"

அன்று நானும் ஆவுடையம்மாளும் தண்டையார்பேட்டையில் நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணின் கம்மலில் எத்தனை கல் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ராமசெல்வி? வெள்ளைக்குள் ஒரு பெண் விழுந்தது நினைவிருக்கிறது. எழுந்தது. மறுபடி விழுந்தது. அது மறுபடியா, அல்லது அதே விழுதலைத்தான் நான் இரண்டு தடவை நினைத்துக்கொள்கிறேனா? ஒரு தடவை அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாராவது பார்த்தார்களா என்று தேடும் முகம். நான் அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன், கம்மலுக்காக.

இஷ்ரத் என் முகத்தைப் பார்க்கவில்லை. துப்பட்டாவில் ஊசியே இல்லாத ஓர் இடத்தை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தெருவில் இதுவரை யாரும் என்னிடம் ஒன்றைக் கேட்டு, "தெரியாது" என்ற பதிலோடு இறங்கிப் போனதில்லை.

நான் ஒரு எண் சொன்னேன். டென்னிஸ் அதை எழுதி, கையெழுத்துப் போட்டான்.

8

எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உதவிக்கு மூன்று தருகிறேன்.

பதினைந்து. பதினேழுக்கு இரண்டு கம்மி, இடம் நவ்ரீனுக்கு. இஷ்ரத் என் கீழ்வீடு. நவ்ரீன் எனக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்த பெண். யாராக இருந்தாலும் பதினைந்துதான் சொல்வார்கள்.

இருபது. ஆட்டம் முடிந்த பிறகு ராமசெல்வியின் அம்மா மூச்சிரைக்க வந்து, மைதானத்தில் இவ்வளவு பேர் இருக்க, என்னிடம்தான் கேட்டார்: "எப்டிம்மா ஆடுனா?" நான் "சூப்பரா ஆடுனா" என்றேன். சொன்ன வாயால் பதினைந்து என்று எப்படிச் சொல்வது?

பதின்மூன்று. அதாவது, "எனக்குத் தெரியாதுப்பா, நான் பாக்கல, இருக்கிறதையே வச்சுக்க" என்றேன். மூன்றில் யோக்கியமான முடிவு இதுதான். என்னைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நான்காவதாக ஒன்றும் எழுதினேன். "அந்த எண் உண்மையில்—"

இல்லை.

நீங்கள் போட்டுக்கொண்டிருங்கள், மீதியைச் சொல்கிறேன். டென்னிஸ் அடுத்த வைகாசியில் ராயபுரத்து ஹெப்சிபாவைக் கட்டிக்கொண்டான். ஆவுடையம்மாளுக்கு அது பொறுக்கவில்லை, மொய்யோடு முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். இஷ்ரத் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஜீஷானை நிக்காஹ் செய்துகொண்டு புளியந்தோப்புக்குப் போய்விட்டாள். கீழே இப்போது செல்போன் ரிப்பேர் கடை, பேச்சுச் சத்தமே கிடையாது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி முகாமுக்குப் போனாள், கோயம்புத்தூரில் கல்லூரி, ஆடுகிறாளாம். இன்னொருத்திக்கு இந்தத் தை மாதம் எண்ணூரில் கல்யாணம். அவளே மாடி ஏறி வந்து பத்திரிகை வைத்தாள். வழி தவறிவிடக் கூடாதென்று மண்டபத்துக்குப் போகிற பஸ் நம்பரையும் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

இந்த வட்டாரத்தில் நான் போகாத கல்யாணம் அது ஒன்றுதான்.