திரையில் மிகுந்த ஒற்று

கீழே எழுதியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. உயிரெழுத்துகளுக்கு உயிரையே பணயம் வைக்கலாம். மெய்யெழுத்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே மெய் இருக்கிறது. வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்துகொண்டே இடது கையால் எழுதியது இது. எங்காவது கோணலாகத் தெரிந்தால் சத்தியத்தின் கோணலே தவிர, சங்கதியின் கோணல் அல்ல.

அந்த அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்ப்பவரை எல்லோரும் ஒற்றர் என்றுதான் கூப்பிடுவார்கள். க், ச், த், ப் என்ற நான்கு ஒற்றெழுத்துகளும் எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பதை மோப்பம் பிடித்தே சொல்லிவிடுகிற ஆள். விவரம் தெரியாத புது வாடிக்கையாளர்கள், "கொடுத்துட்டுப் போங்க, உள்ள ஒற்றர் இருக்கார், அவர் பார்க்கணும்" என்று கேட்டதும் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டமெடுத்ததும் உண்டு.

முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை. ஆனாலும் அச்சக முதலாளிக்கு, அதாவது ஒற்றருடைய மனைவியின் தம்பிக்கு, புது ஆசை ஒன்று வந்துவிட்டது.

"அத்தான், பிழை பார்க்க சாஃப்ட்வேர் வந்திருக்கு. நிமிஷத்துக்கு முந்நூறு பக்கம் பார்க்குதாம். டீ கேக்காது. 'இத எழுதினவன் யாருடா'ன்னு கத்தாது."

"கத்தாம எப்படி மாப்பிள்ளை பிழை திருத்துறது?"

"இந்த மாசம் பார்ப்போம். ஒரே ஒரு தப்பு வெளிய போச்சுன்னா, நீங்க வீட்டுல நிம்மதியா ஓய்வெடுங்க."

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டு ஒற்றர் பதறினார். அவரைவிட அதிகமாகப் பதறியது அவர் மனைவி.

"போன தடவ மூணு நாள் லீவுல இருந்தீங்க. சமையலறையில ஒரு டப்பா விடாம சிவப்பு மையில திருத்தி வெச்சீங்க. 'சர்க்கரை பாட்டில்'ல 'ப்' இல்லன்னு சர்க்கரையக் கீழ கொட்டினீங்க. என் தம்பி காலப் பிடிச்சாவது அங்கயே இருங்க. வீட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க."

ஆக, அந்த மாதம் தப்பில்லாமல் கழிய வேண்டும். ஒற்றருடைய வேலையும் அவர் மனைவியின் நிம்மதியும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அவருடைய மேசையில் ஓர் ஓஎல்இடி மானிட்டர் இருந்தது. அட்டைப்படம் வடிவமைப்பதற்காக முதலாளி ஆறு மாதத்துக்கு முன் ஆசையாக வாங்கியது. பக்கங்களை அமைக்கிற கம்போசிங் அக்கா, "இது பளபளன்னு கண்ணக் குத்துது, எனக்குப் பழசே போதும்" என்று தள்ளிவிட்டதால் ஒற்றருக்கு வந்து சேர்ந்தது. அதைப் பொருத்த வந்த கடைக்காரர் அன்றைக்கே பாடம் நடத்தினார்.

"சார், இதுல ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எரியுற விளக்கு மாதிரி. வெளிச்சம் நாப்பது அம்பது வெச்சா தாராளம். ஒரே எழுத்த ஒரே இடத்துல நாள் முழுக்க நிக்க விட்டுடாதீங்க. அந்த இடத்துப் புள்ளியெல்லாம் மத்ததவிட வேகமாத் தேஞ்சுடும். அப்புறம் நீங்க அழிச்சாலும் தழும்பு மாதிரி நிக்கும்."

ஒற்றர் தலையை ஆட்டினார். காது கொடுத்துக் கேட்டாரா என்றால் இல்லை. மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியில் பிழை எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு தேறியது.

கடைக்காரர் தலை மறைந்ததும் வெளிச்சத்தை நூறுக்கு ஏற்றினார். வெள்ளைப் பக்கம் முழுசாக வரும்போது திரை தன்னைக் காத்துக்கொள்ளக் கொஞ்சம் மங்கும். ஒற்றர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து, "வேலை நேரத்துல தூக்கம் என்ன தூக்கம்?" என்று தட்டி எழுப்புவார். அந்த வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன், முழுசாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜன்னலோரம் இருந்த தொட்டிச் செடி முதல் வாரமே சூரியனுக்கு முதுகைக் காட்டிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பியது. மூன்றாம் வாரம் பூத்தது. அது பூக்கிற ஜாதியே அல்ல, பிளாஸ்டிக். கம்போசிங் அக்கா மழை நாட்களில் குடையை விரித்துக் கொண்டுவந்து அதன் முன்னால் பிடிப்பார். இரண்டே நிமிஷத்தில் குடை காய்ந்துவிடும், மூன்றாவது நிமிஷம் பிடித்தால் சாயம் போய்விடும்.

ஒற்றரிடம் இன்னொரு பழக்கம். டீக்குப் போனாலும் சாப்பாட்டுக்குப் போனாலும் யாருடனாவது சண்டைக்குப் போனாலும், திரையைச் சும்மா விட்டுப் போகமாட்டார். கருப்புப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று க், ச், த், ப் என்ற நான்கு எழுத்துகளையும் நட்ட நடுவில் நிறுத்திவிட்டுப் போவார். யாரும் வந்து கை வைக்காமல் காவல் காக்குமாம். சண்டைகள் நீளமானவை என்பதால் காவலும் நீளமாகவே நடந்தது.

மானிட்டரும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. தினமும் சாயங்காலம் திரையின் மூலையில் ஒரு வாசகத்தைக் காட்டிக் கெஞ்சும்: 'திரையை பாதுகாக்க பிக்சல்களை புதுப்பிக்கவும்.' கீழே சரி என்று ஒரு பொத்தான், வேண்டாம் என்று ஒரு பொத்தான்.

ஒற்றர் அதைப் பார்த்ததும் கொதித்துப்போவார். "ஒரு வரியில மூணு 'ப்' காணோம். தன்னையே காப்பாத்திக்கத் தெரியாத வாக்கியம், திரையக் காப்பாத்தப் போகுதாம். போய் மூணையும் தேடிக் கூட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்." வேண்டாம் என்பதை ஓங்கி அழுத்துவார். இப்படியே ஆறு மாதம்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. அதுவரை ஒரு பிழையும் வெளியே போகவில்லை. கடைசியாகக் கைக்கு வந்தது ஒரு மெத்தைத் தொழிற்சாலையின் சுவரொட்டி. 'பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறோம். நேரில் வரவும்.' அவ்வளவுதான், இரண்டே வரி.

ஒற்றர் திரையில் பார்த்தார். 'வேலைக் கொடுக்கிறோம்' என்று இருந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தார். 'வேலை கொடுக்கிறோம்' என்றால் உத்தியோகம். நடுவில் 'க்' வந்துவிட்டால் வேல் என்கிற ஆயுதத்தைக் கொடுப்பதாக ஆகிவிடும். பள்ளிக்கூடத்திலேயே முட்டி போடவைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கம்போசிங் அக்காவுக்குக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, வேலைக்கும் கொடுக்கிறோமுக்கும் நடுவுல ஒரு 'க்'! அத எடுத்துப் போடு!"

இரண்டு திரையிலும் ஒரே பக்கம்தான், அக்கா திருத்தினால் ஒற்றர் திரையிலும் மாறும். அக்கா தன் பழைய திரையைப் பார்த்தார். அங்கே 'க்' எதுவும் இல்லை. இல்லாததை எப்படி எடுப்பது? ஒரு கணம் யோசித்தார். குப்பையை வெளியே எடுத்துப் போடுவதும் எடுத்துப் போடுவதுதான், தட்டில் சோற்றை எடுத்துப் போடுவதும் எடுத்துப் போடுவதுதான். ஒற்றரிடம் போய் ஏன் எதற்கு என்று கேட்டவர்கள் முழு நாள் இலக்கணம் கேட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள். அக்கா விசைப்பலகையிலிருந்து ஒரு 'க்'கை எடுத்தார். நடுவில் போட்டார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

ஒற்றர் மறுபடி பார்த்தார். அது அசையாமல் அங்கேயே நின்றது.

"இன்னும் இருக்கே!"

"இருக்கும் சார். நல்லா அழுத்தித்தான் போட்டிருக்கேன்."

"என்ன, கிண்டலா? எடுத்துப் போடுன்னா ஒரு தடவ சொன்னா ஆகாதா?"

எழுத்து எடுப்பாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த அக்கா, அதைத் தடித்த எழுத்தாக்கிச் சிவப்பு நிறமும் அடித்தார்.

"அய்யய்யோ, இப்ப ரத்தம் வேற கக்குது!" என்றார் ஒற்றர். கண்ணைக் கசக்கினார். கண்ணைக் கழுவிவிட்டு வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டையும் மூடிக்கொண்டால் மட்டும்தான் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் உழைத்த கண்கள் கடைசி நாளில் காலை வாருகின்றன என்று முடிவுக்கு வந்துவிட்டார். இது மச்சினன் காதுக்குப் போனால் கதை கந்தல்.

"ஏம்மா, சத்தியமா எடுத்துப் போட்டியா?"

"சத்தியமா எடுத்துப் போட்டேன் சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஊர் முழுக்கச் சுவரொட்டி. மெத்தைத் தொழிற்சாலை வாசலில் கூட்டமான கூட்டம். முன்னால் நின்றவர் ஈட்டி எறியக் கற்றுக்கொடுக்கும் கோச். பின்னால் அவருடைய சிஷ்யப்பிள்ளைகள் நாற்பது பேர். அதற்கும் பின்னால், ராஜா வேஷத்துக்கு ஆயுதம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த ஒரு நாடகக்காரர் கிரீடத்தோடு.

"யோவ், எங்கிட்ட இருக்கிறது பஞ்சுய்யா!" என்று மெத்தைக்காரர் அலறினார்.

"சும்மா ஏனோதானோன்னு எழுதியிருந்தா வந்திருக்கவே மாட்டோம்" என்றார் கோச். "இலக்கணமா 'க்' போட்டு, அதையும் சிவப்புல போட்டு, வேலைக் கொடுக்கிறோம்னு சொல்லியிருக்கீங்க. பத்துப் பேருக்கு ஒரு வேல்தானா? பரவால்ல, குடுங்க. முறை வெச்சு எறிஞ்சுக்கிறோம்."

மெத்தைக்காரர் சுவரொட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக அச்சகத்துக்கு வந்தார். விஷயம் சந்தி சிரித்துவிட்டது. ஒற்றருக்கு அதைவிடப் பெரிய வலி, சந்திப்பிழையால் சந்தி சிரித்தது.

"ஏம்மா, 'க்'க எடுத்துப் போடுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"எடுத்துத்தானே சார் போட்டேன்! நீங்கதான் பத்தலன்னீங்க, சிவப்பு வேற அடிச்சேன்!"

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போதும் அத்தான். வீட்டுல எங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கிளம்பலாம்." அக்காவிடம் பேசுவது என்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று தெரிந்தும் சொன்னார் என்றால், அவர் எவ்வளவு கோபத்தில் இருந்திருக்க வேண்டும்.

அன்று மதியமே கடைக்காரர் சாஃப்ட்வேரோடு வந்து சேர்ந்தார். முதலாளி முன் அறையில் மெத்தைக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். ஒற்றர் தன் சிவப்புப் பேனாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது சாஃப்ட்வேரை ஏற்றி முடித்த கடைக்காரர், திரையைச் சோதிக்க அது முழுக்க வெறும் சாம்பல் நிறத்தை நிரப்பிவிட்டு, "சார், இங்க வாங்க. இது என்ன?" என்றார்.

வெறும் சாம்பல் நிறத்தின் நடுவில் கன்றிப்போய் நின்றன, க், ச், த், ப். நேற்றுச் சுவரொட்டியில் 'க்' மட்டும் இடைவெளியில் விழுந்து கண்ணில் பட்டிருக்கிறது, மற்ற மூன்றும் பெரிய எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கின்றன.

"இதுக்குப் பேரு பர்ன்-இன். அன்னைக்கே தழும்பு விழும்னு சொன்னேனே. நீங்க நிறுத்தி வெச்ச எழுத்து அங்கேயே படிஞ்சுபோச்சு."

"அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. கெட்டது திரைதான். புதுப்பிக்கவான்னு தினமும் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. தப்பாக் கேட்டுச்சு."

கடைக்காரருக்கு விளங்கவில்லை. "சரி, இனி புதுப்பிச்சாலும் இவ்வளவு ஆழமான தழும்பு முழுசாப் போகாது. முதலாளிகிட்ட சொல்லி வேற திரை வாங்கிட்டா சாஃப்ட்வேர் சுத்தமா வேலை செய்யும்."

ஒற்றர் பையைக் கீழே வைத்தார். சொன்னால் தன் கண்ணுக்குக் களங்கமில்லை என்று ஆகும். ஆனால் புதுத் திரை வரும், புதுத் திரையில் சாஃப்ட்வேர் ஜம்மென்று ஓடும், களங்கமில்லாத கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் டப்பாக்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

"நான் பார்த்துக்கிறேன். நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் போனதும் முதலாளி உள்ளே வந்தார். மெத்தைக்காரரின் விளம்பரத்தாள் ஒன்றைத் திரையில் திறந்து சாஃப்ட்வேரை ஏவினார். கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது: பிழைகள் எதுவும் இல்லை.

"பார்த்தீங்களா அத்தான், வேகம்னா இது!" என்று உரக்க வாசிக்கத் தொடங்கினார். "எங்கள் க் மெத்தை… இதென்ன, விக்கலா?" பக்கத்தை நகர்த்தினார். "முதுகு ச் வலியா… சுகமாக த் தூங்க… எங்களிடம் ப் வாருங்கள்…" மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். எந்தப் பக்கம் போனாலும் நடுவில் விக்கியது. சாஃப்ட்வேரோ பிழை இல்லை, பிழை இல்லை என்று சாதித்தது.

முதலாளியின் முகம் மாறியது. "நிமிஷத்துக்கு முந்நூறு பக்கமாம்! கண்ணு முன்னாடி மலையாட்டம் நிக்குற 'க்' தெரியல. அத்தான், உங்களுக்குத் தெரியுதா?"

ஒற்றெழுத்து விஷயத்தில் ஒற்றர் முப்பத்தொரு வருஷமாகப் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"நல்லாத் தெரியுது மாப்பிள்ளை."

"நீங்க பார்த்திருந்தா என்ன செய்வீங்க?"

"எடுத்துப் போடச் சொல்லுவேன்."

"அதான் மனுஷன்! முப்பத்தொரு வருஷத்துல நீங்க விட்டது ஒரு 'க்'. இது ஒரே பக்கத்துல நாலு விடுது." முதலாளி அவர் பையைப் பிடுங்கிப் பேனாக்களை மேசையில் கொட்டினார். "நீங்க போகக் கூடாது. கடைசி வரைக்கும் இங்கதான்."

டீ குடித்துவிட்டு வந்த கடைக்காரர், "சொல்லிட்டீங்களா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"அவரே பார்த்துட்டார்" என்றார் ஒற்றர்.

சாஃப்ட்வேர் அன்றே வந்த வழியே திரும்பிப் போனது. மெத்தைக்காரருக்கும் குறையில்லை. ஈட்டிக்காரப் பையன்களில் பத்துப் பேரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இரட்டைக் கட்டில் மெத்தையைத் தொழிற்சாலை வாசலில் நின்று எறிந்தால் வாங்கியவர் வீட்டு மூன்றாம் மாடி ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் போய் விழுகிறது, விரிப்புகூடக் கலைவதில்லை. ஒற்றருடைய மனைவி சர்க்கரை பாட்டிலில் பழைய சீட்டையே ஒட்டிவிட்டு, அன்று முதல் 'ப்' இல்லாமல் நிம்மதியாக இருக்கிறார்.

இதில் ஒரு தகவல் மட்டும் விடுபட்டுவிட்டது. அந்த அச்சகத்துக்கு இன்றுவரை மின் இணைப்பு வரவில்லை.