தார்ப்பாய் போட்ட கிணறு

சோறு வடித்த கஞ்சியைக் கத்தரிச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"செடிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல. எனக்கும் ஒரு டம்ளர் ஊத்து."

"செடி காய் கொடுக்குது. நீங்க என்ன கொடுக்குறீங்க?"

சிரித்துக்கொண்டே தண்ணீர் இறைக்கும் இன்ஜினைத் தூக்கித் தோளில் வைத்தார்.

எங்கள் இடத்துக்கு மின்சாரம் இல்லை. கம்பம் நட்டால் நிலம் துண்டாகும் என்று மாமனார் வேண்டாமென்றுவிட்டார். தண்ணீருக்கு மூன்று கிணறுகள். எதுவும் தனியாக வீட்டுக்கும் மாடுகளுக்கும் போதாது. ஒன்றை இறைத்து, குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்ததும் அதை ஊற விட்டுவிட்டு, இருந்த ஒரே பெட்ரோல் இன்ஜினை என் கணவர் அடுத்ததற்குத் தூக்கிப் போவார். மூன்றின் தண்ணீரும் மேட்டுத் தொட்டியில் போய் விழும்.

அந்தக் கோடையில் முதல் இரண்டும் சேறு காட்டின. மூன்றாவதில் தண்ணீர் இருந்தது, ஆனால் மேலிருந்து உறிஞ்ச முடியாத ஆழத்தில். இன்ஜினை உள்ளே இறக்கினால்தான் ஏறும். மற்ற இரண்டும் அகலக் கிணறுகள். உள்படியில் இன்ஜினை வைத்துப் பலமுறை இறைத்திருக்கிறோம். இது குறுகல். போதாததற்கு, வெயில் தண்ணீரைக் குடித்துவிடும் என்று மாமனார் இதன் வாயில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஆள் இறங்க மட்டும் ஒரு மூலையை விட்டிருந்தார். அன்று இன்ஜினை அதன் அருகே இறக்கி வைத்ததும் என் கணவர் சொன்னார்.

"அப்பா, பாயை அவுத்துடலாம். உள்ள புகை தேங்கும்."

"அதைக் கட்டவே எனக்கு அரை நாள் ஆச்சு."

"நானே திரும்பக் கட்டித் தர்றேன்பா."

"அடுப்புப் புகைக்குக் கண்ணைக் கசக்குறவளைக் கட்டினல்ல, இப்படித்தான் பேசுவ. மாடு ரெண்டும் நாக்கைத் தொங்கப் போட்டு நிக்குது. இறங்குடா."

இறங்கினார். இன்ஜினைக் கயிற்றில் விட்டோம். தண்ணீருக்கு மேலே குறுக்கே போட்டிருந்த பலகையில் அதை வாங்கி வைத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிளப்பினார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மாமனார் மேட்டுக்குப் போய்க் கையை நனைத்துப் பார்த்தார்.

"இதுக்குப் போய் எவ்வளவு பேச்சு!"

கிளப்பியதும் மேலே வந்துவிடுவார் என்று மூலையருகே நின்றேன். வரவில்லை. குனிந்து பார்த்தேன். பலகையில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்திருந்தார். கூப்பிட்டும் நிமிரவில்லை.

"மாமா, அவர் அசையல!"

"சோம்பேறி, குளுகுளுன்னு உக்காந்திருக்கான். தண்ணி நல்லா விழுது, கத்தித் தொலைக்காத."

அரிவாளை எடுத்து வந்து தார்ப்பாயைக் கிழித்தேன். குப்பென்று புகை முகத்தில் அடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் மாமனார் ஓடி வந்தார். ஏணியில் கால் வைத்த என்னை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"நீயும் போயிட்டா வீட்ல சோறு யாரு வைப்பா?"

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்தபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்கும் ஒருவர் உள்ளே இறங்கியாக வேண்டும், யாரும் இறங்கவில்லை. காலையில் பெட்ரோலை வாய்வரை ஊற்றியிருந்தவர் மாமனார்தான். அது தீரும்வரை சுற்றி நின்றோம். அந்தக் கோடையில் முதல்முறையாகத் தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்து ஓடியதை மாடுகள் குடித்தன.

புகை அடங்கிய பின் அவரைத் தூக்கினார்கள். குளிப்பாட்டும்போது குடம் குடமாக ஊற்றினார்கள். யாரும் அளந்து ஊற்றவில்லை.

மறுநாள் விடிந்ததும் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். இறைத்தது முழுவதும் ஊறி, தண்ணீர் முந்தின நாள் நின்ற அதே மட்டத்தில் நின்றது.