அறைக்கு நான்கு பேர்

மங்கையர்க்கரசியின் அலுவலகத்துக்கு அன்று காலை பதினாறு மாடிகள் கூடியிருந்தன. ஃபிளாஷ் மெமரி சிப் செய்யும் கம்பெனியில் இது சகஜம். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த போட்டிக் கம்பெனி தன் சிப்பில் அடுக்கைக் கூட்டினால், இந்தக் கட்டடம் விடிவதற்குள் வளர்ந்துவிடும். மத்தியானத்துக்குள் எதிர்க் கட்டடமும் வளரும். காக்கைகள்தான் பாவம், எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

லிஃப்டில் தன் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அரசிக்கு இரண்டு முறை பசித்தது.

அவள் அறையில் மூன்று பேர். அவள், ஜெபராஜ், நஸ்ரீன். சிப்பில் தகவல் தங்கும் குட்டி அறையான ஒரு செல்லில் எத்தனை பிட் வைக்கிறார்களோ, அறைக்கும் அத்தனை பேர். அதுதான் விதி. மூன்று பேர் என்றால் ஞாபகங்கள் லேசாகக் கலக்கும். போன வாரம் ஜெபராஜுக்கு நஸ்ரீன் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறதென்று ஞாபகம் வந்தது. போய் எடுத்துக் கொடுத்தான். ஆனால் நான்கு பேர் என்றால் கதையே வேறு. எது யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

அரசிக்கு அதை நினைத்தாலே பயம். தன் ஞாபகங்கள் விஷயத்தில் அவள் மகா கருமி. ஏழாம் வகுப்பு ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்ததைக்கூட யாருக்கும் விட்டுத்தர மாட்டாள்.

மேலாளர் சிவப்பிரகாசம் படிவத்தோடு வந்தார். இடுப்புக்குக் கீழே அவர் ஃபைல் அலமாரியாக இருந்ததால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இந்த வராந்தாவுக்கு நீதான் பொறுப்பு. இன்னிக்கே முடிவு சொல்லும்மா. மாடியைக் கூட்டுறதா, ரூமுக்கு நாலு பேரா?"

"மாடியைக் கூட்டுங்க சார்."

"எதிர்ல நாலு பேர் வெச்சுட்டாங்களாம்."

"வெச்சுக்கட்டும். எனக்கு மூணே போதும்."

"மாடியைக் கூட்டணும்னா இந்த வராந்தாவையே துடைச்சு அழிக்கணும். பட்டியல் எழுது."

இந்தத் தொழிலில் ஒன்றை மட்டும் தனியாக அழிக்க முடியாது. ஒரு வரிசை முழுவதையும் துடைக்க வேண்டும். வேண்டியவர்களை முன்கூட்டியே வேறு மாடியில் எழுதி வைத்துவிட வேண்டும். அரசி பார்த்துப் பார்த்துப் பட்டியல் போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர், தண்ணீர் ஃபில்டர், ஒரு மணிப்ளாண்ட். எழுதி எழுதி அழித்துத் தேய்ந்துபோன தாளில் கையெழுத்து ஒருவழியாகப் பிடித்தது.

எல்லோரும் மேலே போனார்கள். துடைப்பதற்கான மணி அடித்த பிறகுதான், பட்டியலில் தன் பெயரை எழுதவில்லை என்று அரசிக்கு உறைத்தது.

துடைத்தபோது வலிக்கவில்லை. இந்தச் சிப்பில் துடைத்த இடம் பூஜ்யம் ஆவதில்லை, ஒன்று ஆகிறது. அரசி வெறும் ஒன்று என்ற எண்ணாக நின்றாள். புடவை இருந்தது, செருப்பு இருந்தது. பெயர் இல்லை. அழுகை வந்தது, எதை நினைத்து அழுவது என்பதுதான் அழிந்திருந்தது.

படிகள் மட்டும் இருந்தன. ஏறினாள். மேலே ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அரசிக்கா, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?" என்றாள் நஸ்ரீன்.

"அது என் பேரா?"

"உங்க பேருதான். வத்தக்குழம்புன்னா உயிர். பல்லியைக் கண்டா ஸ்டூல் மேல ஏறிடுவீங்க. உங்க ஞாபகம் எங்கிட்ட கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு."

"எங்கிட்டயும் இருக்கு. உங்க அப்பாவோட இருமல் சத்தம்" என்றான் ஜெபராஜ்.

மூன்றாவது நாற்காலியில் புதிதாக ஒரு பெண். லூர்துமேரி, எதிர்க் கம்பெனியிலிருந்து வந்தவள்.

"அங்க நாலு பேரு, ஒரே நெருக்கடி. இங்க மூணுதான்னாங்க, ஓடி வந்துட்டேன்" என்றாள். பிறகு அரசியின் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"நான் உக்காந்தா நாலாயிடுமே" என்றாள் அரசி.

"ஆகட்டும். சோறு இருக்கு" என்றாள் லூர்துமேரி.

சாப்பிடச் சாப்பிட அரசிக்குள் ஞாபகங்கள் ஒவ்வொன்றாக ஏறின. அப்பாவின் இருமல் வந்தது. வராதவற்றின் இடத்தில் வேறு ஏதேதோ வந்து உட்கார்ந்தன. கருமிக்குக் கேட்கவா வேண்டும், வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்குச் சிவப்பிரகாசத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில் அறை அறையாக ஐந்தாவது நாற்காலியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா எழுதணும். பேரு?"

"மங்கையர்க்கரசி."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு சார். சின்னவளுக்கு நாளைக்குப் பொறந்த நாள். காதணி கேட்டு ஒரு வாரமா உயிரை வாங்குறா."

லூர்துமேரி சாப்பிடுவதை நிறுத்தினாள். அரசிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது நஸ்ரீனுக்கும் ஜெபராஜுக்கும் ஞாபகம் இருந்தது. அப்படியானால் அந்தப் பெண்கள் யாருடையவர்கள் என்று இருவரும் லூர்துமேரியைப் பார்த்தார்கள்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எழுதிக்குங்க சார்" என்றாள். பிறகு அரசியின் பக்கம் திரும்பினாள். "தங்கமா கேட்டா, கவரிங்கா கேட்டா?"