சிலைக்குக் கிடைத்த நிலம்

எதிர்வீட்டு எர்மென்சியாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குக் காலையில் கை காட்டினேன், பதிலில்லை. மாலையிலும் இல்லை. சும்மா இருக்க முடியுமா? போய்ப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தது அவளுடைய சிலை.

சண்டைக் காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் அவளை நிலத்தைவிட்டு விரட்டினார்கள். நிலம் கைமாறிக் கைமாறி எண்ணெய்ப்பனைக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. சமாதானம் வந்ததும் கம்பெனிக்கு மனித உரிமைமேல் அப்படியொரு காதல்! அப்போதுதான் வெளிநாட்டார் எண்ணெய் வாங்குவார்களாம். விரட்டிய கும்பலில் இருந்த யெய்சனுக்கே வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். எர்மென்சியாவுக்கோ அவள் நிலத்திலேயே சிலை. பீடத்தில் கல்வெட்டு: ‘இந்த மண் என்றென்றும் இவருடையது.’

திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டியது அவளேதான். மறுநாள் மண்வெட்டியோடு போனால் யெய்சன் மறித்தான்.

“அனுமதிச் சீட்டு இருக்கா, தோன்யா?”

“கல்லுல என்னடா எழுதியிருக்கு?”

“அது சிலைக்குங்க. டாக்டர் சொன்னாரு.”

வயதில் மூத்த பெண்ணெல்லாம் எங்கள் ஊரில் தோன்யா, டை கட்டியவரெல்லாம் டாக்டர்; இவர் கம்பெனி மேனேஜர்.

“அன்னைக்குத் துப்பாக்கியக் காட்டி வெரட்டுன. இன்னைக்குச் சீட்டக் கேட்டு வெரட்டுற. நல்லா முன்னேறிட்டடா!”

யெய்சன் தலையைச் சொறிந்தானாம். “சிலையத் தொடச்சுப் பத்திரமாப் பாத்துக்கணும், அதான் என் வேல. ஆனா எது சிலைன்னு யாரும் சொல்லல, தோன்யா.”

வெண்கலம் என்று பீற்றிக்கொண்டார்களே, உள்ளே வெறும் பிளாஸ்டிக். இருவருமாகத் தூக்கிப் பால் வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பீடத்தில் எர்மென்சியா ஏறிக்கொண்டாள். சுற்றிலும் மரவள்ளி நட்டாள். கோழி வந்தது, அடுப்பு வந்தது.

அப்புறம் வெளிநாட்டாரும் வந்தார்கள்.

“என்ன உயிரோட்டம்! மூச்சுகூட விடுதே!”

மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. இறங்கச் சொன்னால் கல்வெட்டுக்கு என்ன பதில் சொல்வது?

“காப்பி போடவா டாக்டர்? மூஞ்சி வெளுத்துக் கெடக்கே” என்றது சிலை.

“பேசுற சிலைங்க. புதுத் தொழில்நுட்பம்” என்றார் அவர்.

வாய்பிளந்தவர்கள், இந்தச் சிலையை அகற்றினால் எண்ணெயே வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இனி அவளை யார் அசைக்க முடியும்? மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றுவது யெய்சன்தான். துடைக்கத் துணியோடு நெருங்கினால் மட்டும் அகப்பையால் அடி.

போன வாரம் கம்பெனிக்காரர்கள் எதிர்வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் இருந்தவளை, விரட்டியவர்களை மன்னிக்கப் பழக்கும் பயிற்சி வகுப்புக்குத் தூக்கிப்போனார்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். முதல் பரிசு அவளுக்குத்தான்.