நேற்றைய எண்ணெய்

பச்சைச்சுடர் எரிபொருள் கம்பெனியின் முற்றத்தில் காலையிலிருந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். விசேஷம் ஒன்றும் இல்லை. யாருக்கும் பசியும் இல்லை. புது எண்ணெயைப் பழைய எண்ணெய் ஆக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பாண்டிச்செல்வி குட்டியானை வண்டியை கேட்டுக்குள் திருப்பி நிறுத்தினாள். பின்னால் காலிக் கேன்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. வரிசையாக அடுப்புகள், அடுப்புக்கொரு அண்டா, அண்டா நிறையப் பாமாயில். ராமுத்தாய் முகமெல்லாம் வேர்வையாக வடையை அரித்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மதினி, யாருக்குக் கல்யாணம்?”

“மிஷினுக்குத்தான். பொண்ணு அமையல. அதான் ஒரு பொண்ணைச் சுட்டுக்கிட்டு இருக்கோம்” என்றாள் ராமுத்தாய். “நீ எம்புட்டு கொண்டாந்த?”

“அடிக்கேன்ல கொஞ்சம் கெடக்கு. வண்டி குலுங்கினா நுரைக்கும், அம்புட்டுத்தான்.”

ஓட்டல்களிலும் பலகாரக் கடைகளிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, லாரி ஓட்டும் டீசலாக மாற்றுவதுதான் பச்சைச்சுடரின் தொழில். முதலாளி ரத்தினசாமிக்கு ஏற்கெனவே இரண்டு பட்டாசு ஆலையும் ஒரு காலண்டர் அச்சகமும் உண்டு. பட்டாசுக்குக் கோர்ட்டில் ஆயிரம் கேள்வி கேட்க ஆரம்பித்ததும், கேள்வி கேட்காத தொழில் எது என்று தேடி இதைப் பிடித்தார். திறப்பு விழாவில், “புகை போட்ட இந்தக் கையாலேயே பூமித்தாய்க்குச் சுத்தமான மூச்சுக் கொடுக்கிறேன்” என்று பேசினார். கைதட்டு அடங்குவதற்குள் வாசலில் சொந்த ஆலைச் சரக்கை அள்ளிப் போட்டு வெடிக்க வைத்தார். சிறப்பு விருந்தினர் வாழ்த்துரையின் பாதியை இருமலாகவே வழங்கிவிட்டுப் போனார்.

மிஷின் பெரிய மிஷின். ஒரு நாளைக்கு ஒரு டேங்கர் குடிக்கும். வந்ததோ, யானைக்குக் கட்டின தொட்டியில் குருவி குடிக்கிற அளவு. காரணம் எளிது. இந்த வட்டாரத்தில் பழைய எண்ணெய் என்று ஒன்று கிடையாது. பெரிய கடையில் கருத்த எண்ணெய் சின்னக் கடைக்குப் புது எண்ணெய். சின்னக் கடை கழித்தது பஜ்ஜி வண்டிக்குப் புது எண்ணெய். கம்பெனியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. கடைசிச் சொட்டும் மனுசன் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், டீசல் ஆவதற்கு மிச்சம் எங்கே?

அதைச் சொல்லத்தான் பாண்டிச்செல்வி ஆபீஸ் அறைக்குப் போனாள். அவள் வாய் திறக்குமுன் ரத்தினசாமி பேசிவிட்டார்.

“வா செல்வி. நாளைக்குச் சென்னையிலருந்து ஸ்ரீமதி மேடம் வர்றாக. நம்ம தொட்டியில கெடக்கிறது நெசமாவே பழைய எண்ணெய்தானான்னு பாத்து சர்டிபிகேட் குடுப்பாக. அது வந்தாத்தான் மானியம். கடை கடையாப் போயி நீதான் வாங்கியாந்தேன்னு சொல்லிரணும்.”

“எந்தக் கடைன்னு கேப்பாகளே, அண்ணாச்சி.”

“ஊருல கடைக்கா பஞ்சம்?”

“உளுந்து வாசம் தூக்குதே.”

“வடைக் கடைன்னு சொல்லு.”

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. “நான் வாங்கினதத்தான் வாங்கினேன்னு சொல்லுவேன். வாங்காதத வாங்கினேன்னு சொல்ல மாட்டேன்” என்றாள்.

ரத்தினசாமி கோபப்படும் ஆள் இல்லை. அவருக்கு அதற்கு அவசியம் வந்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “அப்படியா? அப்ப நாளைக் காலையில வண்டி நெறயக் கடை எண்ணெயோட வா. இல்லன்னா வண்டிச் சாவியக் குடுத்துரு. தாயில்பட்டி ஆலையில ஆளு பத்தல. திங்கக்கெழமை தூக்குவாளியோட அங்கன போயி உக்காந்துக்கோ” என்றார்.

அங்கே போவதில்லை என்று பாண்டிச்செல்வி சபதம் செய்திருந்தாள். பல வருஷம் தாயில்பட்டி பட்டாசு ஆலையில் மருந்து அடைத்தவள் அவள். ஒரு நாள் பக்கத்து அறையின் கூரை எழும்பிப் போனது. அந்த அறையில் இருந்த மாடத்தி அன்று காலையில்தான் இவளிடம் சீப்பு வாங்கிப் போயிருந்தாள். சீப்பு திரும்பி வரவில்லை. மறுவாரமே பாண்டிச்செல்வி சாத்தூரில் வண்டி ஓட்டப் பழகச் சேர்ந்து, லைசென்ஸ் கைக்கு வந்ததும் பச்சைச்சுடர் வண்டியில் ஏறினாள். வண்டியும் ரத்தினசாமியுடையது, மருந்து அறையும் ரத்தினசாமியுடையது என்பதுதான் இதில் சிக்கல். ஒன்றிலிருந்து இறங்கினால் மற்றதில்தான் ஏறவேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் விருதுநகரில் ராஜபாண்டியன் பரோட்டாக் கடை முன் வண்டியை நிறுத்தினாள். அது ஊரின் பெரிய கடை. எண்ணெயில் மிதந்து பொரிந்து மொறுமொறுவென்று வரும் பரோட்டாவுக்காக மதுரையிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். ராஜபாண்டியன் ஓட்டல்காரர்கள் சங்கத்தின் தலைவர். சங்கம் அவருக்குத் ‘தூய உணவுச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்திருந்தது. கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர் என்பதால் பெரிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. போன மாதமெல்லாம் அவள் கேன் நீட்டும்போது, “மிச்சமே ஆகலையேம்மா” என்று கைவிரித்தவர்.

கல்லாவுக்கு மேலே பெரிய போர்டு. அந்தத் தெருவில் கடைக்குக் கடை அப்படி ஒன்று உண்டு. இத்தனை நாளும் பார்த்த போர்டைப் பாண்டிச்செல்வி அன்றுதான் வாசித்தாள். ‘எங்களிடம் தினமும் புதிய எண்ணெயில் மட்டுமே பரோட்டா தயாரிக்கப்படும்.’

தினமும் புது எண்ணெய் என்றால், நேற்றைய எண்ணெய் எங்கே?

வண்டிக் கூரையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. ஊர் ஊராகப் போகும்போது பதிவு செய்த குரல் பாடிக்கொண்டே வரும். அதை அணைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள்.

“பெரியோர்களே, தாய்மார்களே, பரோட்டா சாப்புட்டுக்கிட்டு இருக்கிற அண்ணன்மார்களே! தெனமும் எண்ணெய் மாத்துற உத்தமர், தூய உணவுச் செம்மல் ராஜபாண்டியன் அண்ணாச்சி, நேத்து எண்ணெய இப்பத் தரப்போறாக! அண்ணாச்சி தன் கையாலயே ஊத்துவாக! ஏந்திக்கிடக் கேனோட வந்திருக்கேன். கையத் தொடச்சிட்டு எல்லாரும் வந்து பாக்கலாம்!”

கையைத் துடைக்காமலே வந்தார்கள். கடைக்குள் இலைச் சத்தம் நின்றது. சால்னா வழியும் கையோடு எழுந்த ஒருவர் கல்லாவைப் பார்த்து, “ஆமா அண்ணாச்சி, நேத்து எண்ணெய் எங்க இருக்கு?” என்றார்.

“உள்ள இருக்குய்யா. ஏலே சிவபாண்டி, நேத்து எண்ணெய எடுத்துட்டு வாலே.”

பரோட்டா மாஸ்டர் சிவபாண்டி, நடுவில் பள்ளமாகக் கிடந்த கல்லையும் அதில் கொதிக்கிற எண்ணெயையும் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி, “அண்ணாச்சி, நேத்து எண்ணெய் இதுக்குள்ளதான் இருக்கு” என்றான்.

“முந்தாநேத்து?” என்றார் சால்னாக்காரர்.

“அதுவும் இதுக்குள்ளதான். கொறயக் கொறய மேல ஊத்திக்கிடுவோம். பொங்கலுக்குக் கல்லு கழுவினோம்லா?”

ஒரு பையன் வாயிலிருந்த பரோட்டாவை மெல்வதை நிறுத்தி, விழுங்கலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தான்.

ராஜபாண்டியன் கல்லாவை விட்டு இறங்கி வண்டி ஜன்னலுக்கு வந்தார். பல்லைக் கடித்தபடி, “ஏ பிள்ள, மைக்க அமத்து. ஒன் மொதலாளி எனக்கு மச்சினன் தெரியும்லா?” என்றார்.

“அண்ணாச்சி எங்க மொதலாளிக்கு மச்சினனாம்!” என்றது ஸ்பீக்கர். “சொந்தக்காரவுகளே குடுக்கலன்னா வேற யாரு குடுப்பா? நல்லா நெறச்சு ஊத்துங்க அண்ணாச்சி!”

ஊற்றினார். வேறு வழி இல்லை. அடுப்பை அணைத்து ஆறவிட்டு, கல்லைக் கவிழ்த்துக் கேனுக்குள் விட்டபோது தார் மாதிரி இறங்கியது. கூட்டம் அதை மரியாதையோடு பார்த்தது. தன் வயிற்றைத் தானே நேரில் பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்காது. பிறகு அத்தனை பேர் கண் முன்னால் டின் உடைத்துப் புது எண்ணெய் ஊற்றும்படி ஆயிற்று.

வண்டி நகர்ந்தபோது கூட்டத்தில் பாதி பின்னாலேயே வந்தது. அதைப் பார்த்த அடுத்த கடைக்காரர் மைக் திறக்கும் முன்பே கேனோடு வாசலில் நின்றார். அதற்கடுத்த கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், “நாங்க எப்பவுமே குடுக்கறதுதானே, தாயி” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே கொடுத்தார். கடைகள் அடைப்பதற்குள் வண்டி டயர் அமுங்கியது.

மறுநாள் ஸ்ரீமதி மேடம் வந்தபோது ரத்தினசாமி பொன்னாடையும் பேச்சுமாகத் தயாராக இருந்தார். ராத்திரியே மச்சினனின் போன் வந்துவிட்டதால் முகம் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. பூமித்தாய், வருங்காலத் தலைமுறை, கார்பன் எல்லாவற்றையும் பற்றி அவர் பேசி முடித்தபோது உபசாரமும் வந்தது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. காபியும், தட்டு நிறைய வடையும்.

“வடை நல்லா இருக்கே. எங்க வாங்கினீங்க?” என்றார் மேடம்.

“இங்கனதான் சுட்டது, மேடம். எம்புட்டு வேணும்னாலும் இருக்கு” என்றார் ரத்தினசாமி பெருமையாக.

மேடம் ஜன்னல் வழியாக முற்றத்து அண்டாக்களைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். அதற்குப் பிறகு கடிக்கவில்லை. வெளியே போய்த் தொட்டியை முகர்ந்துவிட்டு, வண்டியில் சாய்ந்து நின்ற பாண்டிச்செல்வியிடம், “இதெல்லாம் நீங்க சேகரிச்சதுன்னு சொல்றாரே?” என்றார்.

ரத்தினசாமி அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் திங்கட்கிழமை இருந்தது.

“வண்டியில இருக்கிறது நான் வாங்கினது மேடம். எந்தக் கடைன்னு கேட்டாக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவேன். தொட்டியில இருக்கிறது மொதலாளி வாங்கினது. அதுல வடையத் தவிர வேற ஒண்ணும் வேகல.”

அடுப்படியில் ராமுத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மேடம் கத்தவில்லை. தொட்டி எண்ணெய் கணக்கில் வராது என்றார். சர்டிபிகேட் இப்போதைக்கு இல்லை. அடுத்த வாரம் தானே இந்த வண்டியில் ஏறிக் கடைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி, இந்த அம்மாதான் ஓட்டவேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பொன்னாடையை மறக்காமல் நாற்காலியிலேயே விட்டுப்போனார்.

கார் மறைந்ததும் ரத்தினசாமி வண்டிக் கதவைப் பிடித்தார். “மானத்த வாங்கிட்டல்ல? மைக்கக் கழட்டு. சாவியக் குடு. தாயில்பட்டிக்குப் போ.”

“போக மாட்டேன், அண்ணாச்சி. ஆளு பத்தலன்னா நீங்க போயி உக்காருங்க. மருந்து எப்படி அடைக்கணும்னு வேணும்னாச் சொல்லித் தாரேன்.”

அவரிடம் இந்த மாதிரி யாரும் பேசியதில்லை. நல்லவேளையாகப் போன் அடித்தது. மச்சினன். கேட்கக் கேட்க ரத்தினசாமியின் முகம் மலர்ந்தது.

“கேட்டுக்கோ” என்றார் போனை வைத்துவிட்டு. “சங்கத்துல கூடிப் பேசி, தெரு முழுக்கப் போர்டக் கழட்டிட்டாகளாம். புது எண்ணெய்னு இனி எவனும் எழுதி வைக்க மாட்டான். இப்ப என்ன செய்வ? எதை வச்சு மைக்குல பேசுவ?”

பாண்டிச்செல்வி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

“போர்டு இருந்தப்ப ஒருத்தரும் வாசிக்கல, அண்ணாச்சி. அம்புட்டு வருசப் புகையில செவுரு கருத்துக் கெடக்குது. போர்டு இருந்த எடம் மட்டும் வெள்ளையாத் தெரியும்லா, அதை இனி ஊரே வாசிக்கும். நான் வண்டிய நிப்பாட்டினாப் போதும். பேசக்கூட வேண்டாம்.”

ரத்தினசாமி வண்டிக்கு முன்னால் போய் நின்றார். அவள் ஹாரனை அழுத்தினாள். கையை எடுக்கவில்லை. அவர் நகர்ந்தார்.