வாசலில் விட்ட வார்த்தை

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களை வெறுமனே அனுப்பக் கூடாது. பாதிக் கதவைத் திறந்து பையைக் கொடுக்கும்போதே, அன்றைக்குப் பிள்ளை செய்த ஒரு குறும்பையோ பேசிய ஒரு பேச்சையோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம். குரலை மாற்றி, கண்ணை உருட்டி, நடித்தே காட்டிவிடுவாள். வந்தவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் செருப்பைத் தேடுவார்கள்.

அன்றைக்குச் சிட்டுவைக் கூட்டிப்போக அம்மா வரவில்லை, அப்பா வந்திருந்தார். துறுதுறுவென்று இருக்கும் அந்தப் பெண்ணுக்குச் சிட்டு என்று பெயர் வைத்ததே மிஸ்தான். அப்பாவோ கசங்காத சட்டை, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ, பேச்சுக்குப் பேச்சு மரியாதை. எப்போதோ ஒருநாள் வருகிற மனிதருக்கு நல்லதாக ஒன்றைச் சொல்லி அனுப்புவோம் என்று மிஸ்ஸுக்கு ஆசை வந்தது. அந்த ஆசைதான் கெடுத்தது.

"உங்க பொண்ணு உங்களை நல்லா ஏமாத்துறா சார்! இன்னைக்குப் பொம்மைக்குப் பாடம் எடுக்குறா. அப்பா ஷூ சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில ஓடிடணுமாம். அங்க இருக்கிற பெட்டிக்குப் பின்னாடி சுருண்டு படுத்துக்கணுமாம். அம்மா வந்து கூப்பிடுற வரைக்கும் மூச்சே விடக்கூடாதாம். கண்ணாமூச்சியில அம்மாவும் பொண்ணும் ஒரே கட்சி போல!"

அப்பா சிரித்தார். "கட்டிலுக்கு அடியிலயா? பெட்டிக்குப் பின்னாடியா?" என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "நான் வீடு பூரா தேடுவேன் மிஸ். பக்கத்து வீட்டுல விளையாடுறான்னுதான் இவ அம்மா சொல்லுவா."

மிஸ்ஸும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவள் பிடித்திருந்த சின்னக் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. குனிந்து பார்த்தாள். சிட்டு நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. காலோரம் வழிந்தது சாக்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அப்படி ஆனதில்லை. பிள்ளை அழவில்லை, அண்ணாந்து பார்க்கவும் இல்லை. அப்பாவின் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றது.

"டிரெஸ் மாத்திக் குடுத்துடுறேன் சார், ஒரு நிமிஷம்."

"பரவாயில்ல மிஸ். வீட்டுக்குத்தானே போறோம்."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். தெருமுனை திரும்பும்வரை மிஸ் மரம்போல நின்றாள். பிறகுதான் யோசித்துப் பார்த்தாள். விளையாடுகிற பிள்ளை கண்டுபிடிக்கச் சொல்லித்தானே ஒளியும்? கண்டுபிடிக்கவே கூடாது என்று எந்தப் பிள்ளை ஒளியும்? மத்தியானம் அந்தப் பொம்மையிடம் பேசியபோது சிட்டுவின் குரலில் சிரிப்பே இல்லை. அது இப்போதுதான் உறைத்தது. வீட்டைப் பற்றிப் பிள்ளை வாயிலிருந்து எது வந்தாலும் அது காப்பகத்தை நடத்தும் மேடத்தின் காதுக்குத்தான் முதலில் போக வேண்டும், பெற்றவர்களிடம் போகவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்தபோது படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளோ ஒளிகிற இடத்தை, யாருக்குப் பயந்து பிள்ளை ஒளிகிறதோ அவரிடமே பெட்டி முதற்கொண்டு விளக்கிச் சொல்லியிருந்தாள்.

கை கால் ஓடாமல் மேடத்தின் அறைக்குள் போய் விழுந்தாள். அழுகைக்கு நடுவே ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். மேடம் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. உடனே குழந்தைகள் நல அதிகாரிக்குப் போன் போட்டார். பிள்ளை பொம்மையிடம் சொன்னது, அப்பாவைப் பார்த்து நனைத்துக்கொண்டது, எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். வாசலில் மிஸ் விட்ட வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

"அடி, தழும்பு ஏதாவது பார்த்தீங்களா?" போனில் அந்தம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இல்லம்மா."

"சரி. நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்த வீட்டுக்குப் போறேன்."

மேடம் போனைக் கையால் பொத்திக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தார். "வாயை மூடிட்டு இரு. நீ உளறினது வெளிய தெரிஞ்சா உன் வேலையும் போகும், இந்த இடத்தையும் இழுத்து மூடிடுவாங்க. காலையிலதான் போறாங்களே, அப்புறம் என்ன?"

இந்த வேலையை விட்டால் மிஸ்ஸுக்கு வேறு எதுவும் தெரியாது. இப்படி ஒரு பெயர் எடுத்தவளைப் பிள்ளைகள் இருக்கிற எந்த இடத்திலும் சேர்க்க மாட்டார்கள். ஒரே ஒரு ராத்திரிதானே என்று அவளும் நினைத்துப் பார்த்தாள். நினைத்த மாத்திரத்தில் அந்த ஷூ கண்ணுக்குள் வந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையும் வந்தது. எட்டி மேடத்தின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, நான் அந்தப் பிள்ளையோட மிஸ் பேசுறேன். பிள்ளை எங்க ஒளியுதுன்னு அவர்கிட்ட நானே சொல்லிட்டேன். தெரியாம சொல்லிட்டேன். அவர் இப்ப வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். நாளைக்கு வரைக்கும் தாங்காதும்மா. அந்தப் பிள்ளைக்கு வேற இடம் கிடையாது."

"போனை வைங்க, கிளம்பிட்டேன்" என்று அந்தப் பக்கமிருந்து அதிகாரியின் குரல் வந்தது. மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சின்ன நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மிஸ் வாசலுக்கும் போனுக்குமாக அலைந்தாள். தெருவில் யார் நடந்தாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

இருட்டுவதற்கு முன் வண்டி வந்து நின்றது. அதிகாரி இறங்கினார், பிறகு அம்மா, அவள் தோளில் துவண்டுபோய்ச் சிட்டு. போலீஸை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கட்டில் சுவரோரம் தூக்கி நிறுத்தியிருந்ததாம், பெட்டி கூடத்தில் வந்து கிடந்ததாம். அம்மா பிள்ளையை வாரிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். கதவின் மேல் கீல் பிய்ந்துபோய்க் கீழ்க் கீல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார்.

அம்மாவின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. மிஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான்தான்... நான்தான் சொன்னேன், மன்னிச்சிடுங்க."

"தெரியும் மிஸ்." அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. "மிஸ் சொன்னாங்க, மிஸ் சொன்னாங்கன்னு சொல்லிக்கிட்டேதான் கட்டிலைத் தூக்கினார்."

வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து சிட்டு வாயே திறக்கவில்லையாம். எங்கே அடிபட்டிருக்கிறது என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "பழகின முகமாச்சேன்னுதான் டாக்டர்கிட்ட போற வழியில இங்க கூட்டிட்டு வந்தேன். நீங்க கேட்டுப் பாருங்க" என்றார் அதிகாரி.

மிஸ் தரையில் மண்டியிட்டாள். "சிட்டும்மா, எங்கடா வலிக்குது?"

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தது. அம்மாவின் தோளிலிருந்து இறங்கி, இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த அந்த அதிகாரியிடம் போய், அவர் புடவையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தது. கையால் மறைத்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னது. அதிகாரியின் முகம் மாறியது.

"மிஸ்கிட்டயும் சொல்லும்மா. தடவிக் குடுப்பாங்க."

"வேணாம்," என்றது சிட்டு. "மிஸ் அப்பாகிட்ட சொல்லிடுவாங்க."

அதிகாரி மறுபடியும் காதைக் கொடுத்தார். பிள்ளை காதருகே வாயைக் கொண்டுபோய்விட்டு, திரும்பி மிஸ் இன்னும் அங்கேயே இருக்கிறாளா என்று பார்த்தது. மிஸ் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.