வலது கை நகங்கள்

வெள்ளைத் துணியை நான்காக மடித்து, ஒரு முனையை மட்டும் நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்து, கறையின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள் பெரியவள். அழுத்தி, எடுத்து, துணியைத் திருப்பி, மறுபடியும் அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் துணியில் கொஞ்சம் கத்திரிக்காய் நிறம் ஏறியது. கார்ப்பெட்டில்தான் குறைந்ததாகத் தெரியவில்லை. முழங்கால்கள் மரத்துப்போயிருந்தன. கை எட்டும் தூரத்தில், கட்டிலில், கழுத்துவரை போர்த்தியபடி அம்மா கிடந்தாள். காலையில் இறந்துபோன அம்மா.

பக்கத்து வீட்டு அக்கா டீயோடு எட்டிப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கும்மா இது? எழுந்திரு. ஒரு வாய் குடி."

"இதோ, முடிஞ்சிடும்க்கா."

"வீட்டுல சாவு. நீ கறை எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே. நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேர் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

அக்கா டீயை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்தவள் செய்கிற வேலையாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவளுக்கு நாலு பேரைப் பற்றிக் கவலையில்லை. ஒரே ஒருத்தியைப் பற்றித்தான் கவலை. தங்கை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இந்தக் கறையைப் பார்த்தால் எப்படி ஆயிற்று என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் அந்தக் கார்ப்பெட் அவர்களுடையதே இல்லை. அம்மா துணி வெளுக்கும் கடையில் வேலை பார்த்தவள். கடைக்குப் பின்னால், வெளிச்சம் விழும் ஒரு மேசை. கறை பிடித்த துணியெல்லாம் அவளிடம்தான் வரும். யாரோ ஒருவர் இந்தக் கார்ப்பெட்டை வெளுக்கக் கொடுத்துவிட்டுப் போனார், போனவர் போனவர்தான். கடையில் இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொன்னதும், அப்பா அதைச் சுருட்டித் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார். மூலையில் கடைச்சீட்டு இன்னமும் அப்படியே குத்தியிருந்தது. அம்மா அதைக் கழற்ற விடவில்லை.

"அந்த மனுஷன் என்னைக்காவது கேட்டு வருவான். குடுத்தது மாதிரியே திருப்பிக் குடுக்கணும்."

மகள்கள் இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, எழுதக் கூடாது, வெளியே போய்வந்த காலோடு மிதிக்கக் கூடாது. வீட்டில் ஒரு விருந்தாளி நிரந்தரமாகப் படுத்துக் கிடந்த மாதிரிதான். முகம் தெரியாத அந்த ஆளுக்குத் தங்கை 'கார்ப்பெட் மாமா' என்று பெயர் வைத்தாள். வாசலில் மணி அடித்தால் போதும், "கார்ப்பெட் மாமா வந்துட்டார், சுருட்டு, சுருட்டு!" என்று கத்துவாள். அம்மாவும் சிரிப்பாள். ஆனாலும் ஒரு கணம் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள்.

ரிமூவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கறையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

சாயங்காலம் கடை திறக்கும்வரை பொறுத்திருந்தால் வாங்கலாம். சாயங்காலம்வரை பொறுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? வண்டிக்குச் சொல்லியாயிற்று. அப்பா வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் பேசியதெல்லாம் போனில்தான். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்.

அம்மா நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டதே இல்லை. கறை எடுக்கிற மேசையில் அது ஆகாது. கறை மருந்தில் கரைந்து வாடிக்கையாளரின் துணியில் ஒட்டிவிடும். போட ஆசைப்பட்டாலும் போடுவதற்கு நகம் எங்கே இருந்தது? மருந்து அரித்து அரித்து, நகங்கள் வளர்ந்த பாட்டைக் காணோம். நுரையீரல் கெட்டு வேலையை விட்டபிறகுதான், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதங்களில், அவை தம்பாட்டுக்கு வளர்ந்தன. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த அன்றைக்கு அம்மா கையை விரித்துப் பார்த்தாள்.

"பாருங்கடி. இப்பத்தான் எனக்கு நகம்னு ஒண்ணு வந்திருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தங்கை இந்தப் பாலிஷ் பாட்டிலோடும் ரிமூவரோடும் வந்து இறங்கினாள். பத்து விரலுக்கும் போட்டுவிட்டாள். இருக்கிறதிலேயே அடர்த்தியான நிறத்தைத்தான் வாங்கி வந்திருந்தாள். "என்னடி, கல்யாணப் பொண்ணுக்கு மாதிரி?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். அன்றெல்லாம் கையைப் போர்வைக்குள் வைக்கவே இல்லை. தங்கை ஊருக்குப் போனபிறகும் பாட்டிலை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். மூடியை இறுக்கத் தெம்பில்லை.

காலையில் அம்மாவுக்கு மூச்சு மேலும் கீழும் இழுத்தது. பெரியவள் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற மிஷினை மாட்டிப் பார்த்தாள். எண் கீழே, இதுவரை பார்க்காத இடத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"விரல்ல பாலிஷ் இருக்கா?" என்றாள் நர்ஸ்.

"இருக்கு."

"சில சமயம் அதனால தப்பாக் காட்டும். துடைச்சிட்டுப் போட்டுப் பாருங்க. நான் கிளம்பிட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாலிஷ்தான். வேறு ஒன்றுமில்லை. நர்ஸைப் பார்த்து அழைத்துவர அப்பாவைக் கேட்டுக்கு அனுப்பிவிட்டு, பஞ்சை ரிமூவரில் நனைத்து, வலது கைக் கட்டைவிரலைத் துடைத்தாள். மாட்டினாள். அதே எண். ஆள்காட்டி விரலில் சரியாகக் காட்டும் என்று அதைத் துடைத்தாள். அதிலும் அதே எண். நடுவிரல்.

அம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"வேணாம்டி. அழகா இருக்கு."

"சும்மா இரும்மா. அப்புறம் நானே போட்டுவிடறேன்."

மோதிர விரல். சுண்டுவிரல். ஐந்து நகமும் வெறும் நகமானபிறகும் மிஷின் சொன்னதையே சொன்னது. சரி, இடது கை என்று அவசரமாக எழுந்தபோது முழங்கை பட்டு ஸ்டூலில் இருந்த பாலிஷ் பாட்டில் உருண்டது. மூடி ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம். வெளிர்நிறக் கார்ப்பெட்டின் நடுவில் கத்திரிக்காய் நிறம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது.

அம்மாவை அந்த நிலைமையில் விட்டுவிட்டு அவள் ஏன் குனிந்தாள் என்று இப்போது கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்த வீட்டில் வளர்ந்த யாராக இருந்தாலும் குனிந்திருப்பார்கள். கிடைத்த துண்டை எடுத்துப் பரபரவென்று தேய்த்தாள். மேலேயிருந்து குரல் வந்தது.

"தேய்க்காதடி... ஒத்து."

ஒற்றினாள். ஒற்றி, துண்டைத் திருப்பி, மறுபடி ஒற்றினாள். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா கார்ப்பெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அசையவில்லை.

நர்ஸ் வந்து எல்லாம் பார்த்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாலிஷால பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க என்ன பண்ணியிருந்தாலும் இதான். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள். நல்ல பெண். ஆனால் அவளுக்கு யார் சொல்வது? போகிற உயிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இவள். ஆசையாகப் போட்டுக்கொண்டதை ஒவ்வொன்றாக அழித்தவளும் இவள்தான்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வண்டி இல்லை. தங்கை.

பையை வராந்தாவிலேயே போட்டுவிட்டு வந்தாள். பஸ்ஸிலேயே அழுது முடித்திருக்க வேண்டும்; முகம் வீங்கி, கண்ணில் ஒன்றும் மிச்சமில்லாமல் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து போர்வையை விலக்கி அம்மாவின் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையைத் தடவினாள். பிறகு வலது கையைப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா அழிச்சது?"

பெரியவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நான்தான்."

"ஏன்?"

சொன்னாள். மிஷின், நர்ஸ், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும். 'அழகா இருக்கு' என்று அம்மா சொன்னதையும், அப்புறம் போட்டுவிடுவதாகத் தான் சொன்னதையும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது கார்ப்பெட்டைப் பார்த்தே சொன்னாள். தங்கை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. அவள் திட்டவில்லை.

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்றாள் தங்கை. "என்னைப் பத்தி ஏதாவது?"

கறையைப் பற்றிச் சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வது? நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவளுக்குக் கொடுக்க அது ஒரு வார்த்தையா? தலையை மட்டும் ஆட்டினாள். தங்கை அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாளோ, மேலே கேட்கவில்லை. ஸ்டூலில் நிமிர்த்தி வைத்திருந்த பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தூரிகையை இழுத்தால் நூலாக வந்தது.

"காஞ்சு போச்சு. ரிமூவர் ரெண்டு சொட்டு விட்டா இளகும். இருக்கா?"

"இருக்கு." பெரியவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள், கொடுக்கவில்லை. "கொஞ்சம்தான் இருக்கு. இதுக்கு வேணும்."

இரண்டு பேரும் கார்ப்பெட்டைப் பார்த்தார்கள். அதன் மூலையில், மங்கிப்போன சீட்டு. அம்மா இருந்திருந்தால் எதற்கு ஊற்றச் சொல்லியிருப்பாள் என்பதில் இருவருக்குமே சந்தேகமில்லை.

வாசற்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்துவந்தார் என்று தெரியவில்லை.

"குடுத்துடும்மா," என்றார். "அந்த ஆளு இனிமே வரமாட்டான்."

பெரியவள் ரிமூவரைச் சாய்த்தாள். இரண்டு சொட்டு போதவில்லை, எல்லாமே போயிற்று. தங்கை பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். நிறம் மெல்ல அசைந்து இறங்கியது. பிறகு அதை அக்காவிடம் நீட்டினாள்.

"நீதானே போட்டுவிடறேன்னு சொன்னே."

"எனக்குப் போடத் தெரியாதுடி."

"நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

கட்டைவிரல் ஏதோ பரவாயில்லை. ஆள்காட்டி விரல் திட்டுத்திட்டாக வந்தது. அம்மாவின் விரல்கள் அதற்குள் மடங்க மறுத்தன. தங்கை ஒவ்வொன்றாகத் தாங்கிப் பிடித்தாள். நடுவிரலில் தூரிகை சறுக்கி, பாலிஷ் நகத்தைத் தாண்டித் தோலில் இழுபட்டது. பெரியவள் பதறிப்போய் முந்தானை முனையால் துடைக்கப் போனாள்.

"தேய்க்காதக்கா!" தங்கை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒத்து."

பெரியவளின் முந்தானை பாதியில் நின்றது.

"இதான்," என்றாள்.

"என்ன, இதான்?"

"அம்மா கடைசியா சொன்னது."

தங்கை அவளைப் பார்த்தாள். கறையைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று, சிரிப்பதற்கா அழுவதற்கா என்று தெரியாதபடி. பிறகு இரண்டுமாக வந்தது. பெரியவளுக்கும் அப்போதுதான் உடைந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு வராத கண். "வேற யாருக்காவது இப்படி ஒரு அம்மா இருப்பாங்களா?" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சாகும்போதும் அந்தாளு கார்ப்பெட்டு."

பெரியவள் முந்தானையைத் தோலின்மேல் வைத்து ஒற்றினாள். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் போட்டு முடித்தாள். அவ்வளவு மோசமில்லை. இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் வித்தியாசம் தெரிந்தது, அவ்வளவுதான்.

வாசலில் மணி அடித்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்கள். கையில் தொப்பியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வண்டி ஓட்டி வந்தவர்.

"கிளம்பலாமா சார்?"

அப்பா உள்ளே திரும்பிப் பார்த்தார். மகள்கள் இருவரும் அம்மாவின் கையை நடுவில் வைத்து, தலையோடு தலை முட்டக் குனிந்து, விரல் விரலாக ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றார் அப்பா. "இன்னும் காயலை."

எது என்று வந்தவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கார்ப்பெட்டை மிதிக்காமல் சுவரோரமாக நின்றுகொண்டார்.